செம்பருத்தி ரேகை

— மெதுவா அத்தை, அந்த வயரைத் தொடாதீங்க! இது லேப்.

— நான் ஏண்டி தொடப்போறேன்? என் செடியில ஒண்ணு, அவ செடியில ஒண்ணுன்னு ரெண்டு இலை குடுத்தேன். எதிர்வீட்டுக்காரி என் செம்பருத்தியில கிளை வெட்டிட்டுப் போனாளா இல்லையா? அதைச் சொல்லு, கிளம்புறேன்.

— கிளம்பி?

— நேரா அவ வாசல்ல போய் நிப்பேன். நாளைக்குப் பூக்கண்காட்சி. அவளும் அதே செடியைக் கொண்டாந்தா நான் தலைகாட்ட முடியுமா?

— சரி, பாருங்க. இந்தக் கரி முனையிலதான் இலைச்சாறைத் தடவினேன்.

— பென்சில் துண்டு மாதிரி இருக்கு. இதுவா துப்பு துலக்குது?

— வெறும் கரின்னா மந்தம். மேல கிராஃபீன்னு ரொம்ப மெல்லிசான கார்பன் படலம் பூசியிருக்கேன், அதனால சாறுல இருக்கிறது ஒண்ணையும் விடாது. வோல்டேஜை மெல்ல ஏத்தினா திரையில கோடு மேடு மேடா எழும்பும். ரகத்துக்கு ஒரு கோடு, நம்ம கைரேகை மாதிரி.

— பாடம் போதும். கோடு எங்க?

— சிவப்பு உங்க இலை. பச்சை எதிர்வீட்டு இலை.

— ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்கே! நான் சொன்னேன்ல? மாட்டிக்கிட்டா! இதைப் பெரிசா பிரிண்ட் போட்டுக் குடுடி.

— அவசரப்படாதீங்க. நீலக் கோடும் ஒண்ணு இருக்கு.

— அதுவும் அச்சு அசலா அப்படியேதான் இருக்கு. அது யாரு வீட்டு இலை?

— எங்க கிரீன்ஹவுஸ் இலை. இங்க உருவாக்கின புது ரகம், இன்னும் வெளியவே விடல. போன வருஷம் யாரோ கிளையை வெட்டியிருக்காங்க, இந்த வாரந்தான் தெரிய வந்துச்சு.

— இங்க என்னடி, ஒரே குளிரா இருக்கு?

— பேச்சை மாத்தாதீங்க. கிரீன்ஹவுஸ் சாவி என் பொறுப்பு. டைரக்டர் எல்லார் முன்னாடியும் என்னை வறுத்தெடுத்துட்டாரு. திங்கக்கிழமைக்குள்ள திருடனைப் பிடிக்கலேன்னா என் வேலை போயிடும். பயத்துல தூக்கமே இல்ல எனக்கு. கடைசியில பாத்தா, என் அத்தை!

— யாரைடி திருடிங்கிற? உங்க கிரீன்ஹவுஸ்ல நான் ஒரு இலைகூடக் கிள்ளல, கேட்டுக்கோ.

— பின்ன, கிளை தானா நடந்து வந்துச்சா?

— குடுத்தாங்க.

— யாரு?

— சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்காரு.

— ஓ, "வாங்கியிருக்காரு"... மரியாதையெல்லாம் பலமா இருக்கே!

— சிரிச்சே, கொன்னுடுவேன். காலையில பார்க்குல நடக்கிறப்போ பழக்கம். தங்கமான மனுஷர். காகிதத்துல சுத்திக் கொண்டாந்து கையில வச்சாரு. "உங்களைத் தவிர வேற யாருக்கும் இதைக் குடுக்க மனசு வராது"ன்னாரு.

— அத்தை, என் வேலையே போகுது. பேரைச் சொல்லுங்க!

— உன்னை வறுத்தெடுத்தாரே, அவருதான்.

— எங்க டைரக்டரா! அடப்பாவி மனுஷா! அப்போ... எதிர்வீட்டு அம்மாவுக்கு எப்படிக் கிடைச்சுது?

— இருடி... அவளும் அதே பார்க்குலதான் நடக்கிறா. சாயங்காலத்துல.