வேனில் குடியிருப்போர்: இல்லை

வேன் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கட்டிலில் படுத்துத்தான் பார்ப்பார்கள். கால் நீட்ட முடிகிறதா, அடுப்பு பற்றுகிறதா, ஜன்னல் ஓரம் மழைக்கு ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த வண்டி ராத்திரி எங்கே நிற்கப் போகிறது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. இன்ஷூரன்ஸ்காரன் கேட்கும் முதல் கேள்வியே அதுதான், அம்மா.

கெத்தினைப் பற்றிப் பேசத்தான் என்னை இந்த ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். நேற்றிலிருந்து எங்கே சுற்றினாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறீர்கள்: வேனுக்குள்ளே ஆள் இருந்தது எனக்குத் தெரியுமா, தெரியாதா. தெரியும் என்றால் கொலை. தெரியாது என்றால் அதற்குக் குறைவான ஏதோ ஒன்று. வாயைத் திறக்காதீர்கள் என்று என் வக்கீல் தலையால் தண்ணீர் குடிக்கிறார். நான் திறப்பதாகவே இருக்கிறேன். ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் புரியாமல் கெத்தின் விஷயம் உங்களுக்குப் புரியாது. ஆகவே அங்கிருந்து வருகிறேன்.

ஸ்வான்சி நகரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். வண்டி எரிந்துபோனது, வேன் வெள்ளத்தில் போனது என்று விண்ணப்பம் வந்தால் நேரில் போய்ப் பார்த்து மதிப்புப் போடுவது என் வேலை. மதிப்புப் போடுவது என்று சொல்கிறேனே தவிர, பாதி நாள் பணம் கிடையாது என்று சொல்வதுதான் வேலை. சாம்பலில் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். சொன்னதும் ஒவ்வொருவரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "எங்ககிட்ட யாருமே சொல்லலியே, சார்." ஓய்வு பெற்றதும் கார்டிகன் ஊர்ப் பக்கம் வந்து நானும் கட்டிலும் அடுப்புமாக ஊர் சுற்றும் ஒரு கேம்பர் வேன் வாங்கினேன். இனிமேல் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது, நான் சொல்லுவேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

டில்வினுடைய பண்ணையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கடலைப் பார்த்த அந்தக் கல் முற்றத்தில்தான் எங்கள் கேம்பர் சங்கத்து வேன்கள் குளிர்காலம் முழுக்க நிற்கும். மாதம் ஒரு சனிக்கிழமை வைக்கோல் கொட்டகையில் கூடுவோம். தேநீர், கல்லில் சுட்ட திராட்சைக் கேக், போன கோடையில் எங்கே போனோம் என்ற அளப்பு. அதற்குப் பிறகு நான் எழுந்து பேசுவேன்.

நான் பேசியது ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்துவிட்டால் அது சரக்கு வேன் இல்லை, கம்பெனிக்குச் சொல்லுங்கள். உள்ளே செய்த தச்சு வேலையைப் படம் எடுத்து அனுப்பி, மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெறும் தகரத்துக்குத்தான் பணம் வரும். எங்கே நிறுத்துகிறீர்களோ அந்த இடத்தைச் சொல்லுங்கள், அக்கா வீட்டு வாசலைச் சொல்லாதீர்கள். வண்டியிலேயே வாழ்கிறீர்கள் என்றால் வாழ்கிறேன் என்று எழுதுங்கள். அதற்கென்று தனி பாலிசி இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான்.

"கம்பெனிக்காரன் உனக்கு இன்னும் சம்பளம் தர்றானா, இட்வால்?" என்பான் டில்வின். எல்லோரும் சிரிப்பார்கள். கேக் காலியாகும். ஒருவரும் ஒன்றையும் மாற்ற மாட்டார்கள்.

நெரிஸ் அம்மாள் மட்டும் கூட்டம் முடிந்து என்னிடம் வந்தார். அவர் கணவர் குழாய் வேலை செய்தவர், சாகும் முன் தன் பழைய வேனைக் கேம்பராக மாற்றியிருந்தார். அலமாரிக் கதவு ஒவ்வொன்றிலும் ஒரு கடல் பறவையைச் செதுக்கியிருப்பார். நல்ல வேலைப்பாடு. பாலிசி மட்டும் பழைய சரக்கு வேன் பாலிசி.

"எங்க வீட்டுக்காரர் எப்படிக் கட்டினாரோ அப்படியே கட்டிட்டு வர்றேன், இட்வால். அவர் கையெழுத்து அதுல இருக்கு. அதைப் போய் மாத்தணுமா?"

"மாத்தணும், நெரிஸ்."

"பார்க்கலாம்," என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருஷம் முன்பு மார்ச் மாதம் அந்த வேன் எரிந்தது. ஒட்டி நின்ற என் வேனும் எரிந்தது. இரண்டு வண்டி, ஒரே தீ. எனக்குப் பேசிய மதிப்பு அப்படியே வந்தது. நெரிஸுக்கு ஒரு கடிதம் வந்தது. சொல்லாமல் வைத்திருந்த கட்டில், சொல்லாமல் வைத்திருந்த அடுப்பு, ஆகவே பணம் இல்லை. எனக்குப் பணம் வந்த கடிதத்தின் நகலையும் அவர் கடிதத்தின் நகலையும் கொட்டகைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். அந்த வசந்தத்தில் சங்கத்தில் பாதிக்கு மேல் பாலிசியைச் சரி செய்துகொண்டார்கள். நான் வருஷக் கணக்காய்த் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது.

உங்கள் கோப்பில் அது மின்கசிவு என்று எழுதி மூடியிருக்கிறது. திறந்துகொள்ளுங்கள். அந்தத் தீயை வைத்தது நான்தான். முந்தின வாரமே என் வேனை நெரிஸ் வேன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். மோசடி என்று நீங்கள் எழுதுவது தெரிகிறது. எழுதுங்கள். எனக்கு அதில் ஒரு காசு லாபம் இல்லை, வந்ததைக் கொண்டு அதே மாதிரி வேனைத்தான் வாங்கினேன். பாடம் நடத்துகிறவனுக்குக் கரும்பலகை வேண்டாமா?

நெரிஸ் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. திராட்சை ரொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நானே வீட்டுக்குப் போனேன். "பணம் போனாப் போகுது, இட்வால். அந்தக் கதவுங்க..." என்று இழுத்தார். கதவுகளையும் படம் எடுத்து அனுப்பியிருந்தால் மதிப்பில் சேர்த்திருப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் அழுதார். உண்மையைச் சொன்னால் அழுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா?

இப்போது கெத்தினுக்கு வருகிறேன்.

மணமுறிவில் வீடு போய், ஒரு வேனோடு டில்வின் பண்ணைக்கு வந்து சேர்ந்தவன். பாலாடைக்கட்டி ஆலையில் இரவு வேலை, பகலில் வேனில் தூக்கம். பண்ணையில் ஆள் தங்குவதற்கு அனுமதி கிடையாது. இருந்தாலும் டில்வின் கண்டுகொள்ளவில்லை, நாங்களும் கண்டுகொள்ளவில்லை. கலகலப்பான பையன். யார் வேனில் தண்ணீர் பம்பு கெட்டாலும் சட்டையை மடித்துவிட்டுக் கீழே படுத்துவிடுவான். என் பம்பையும் சரி செய்தான். காசு நீட்டினால், "கேக் இருக்கா?" என்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிடிக்காதவனுக்காக நான் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டேன்.

பாலிசி போடும்போது என்னிடம்தான் வந்தான். என் வேனுக்குள் மேஜையை விரித்து உட்கார்ந்தோம்.

"ராத்திரி வண்டி எங்கப்பா நிக்கும்?"

"லாம்பீட்டர்ல அக்கா வீட்டு வாசல்னு எழுதுங்க."

"வேனில் யாராவது குடியிருக்காங்களான்னு கேட்டிருக்கான்."

"இல்லைன்னு போடுங்க."

"நீ இருக்கியேப்பா."

"இருக்கேன்னு போட்டா என் சம்பளத்துல பாதியை அவன் தின்னுடுவான். என் பொண்ணுக்கு நான் என்ன குடுக்கறது? இல்லைன்னு போட்டா நான் இல்லை. ஆளே இல்லாத வண்டிக்கு எவ்வளவோ, அதைக் கட்டறேன். போடுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவன் அதை எடுத்து, சிரித்துக்கொண்டே, இல்லை என்ற கட்டத்தில் தானே குறி போட்டான்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். இந்த பிப்ரவரிக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றதும் பின்வரிசையிலிருந்து கை தூக்கினான். "இட்வால் சார், அடுத்த தீ எந்த மாசம் வருதுன்னு மட்டும் சொல்லிடுங்க. அந்த மாசத்துக்கு மட்டும் கட்டிடறேன்."

கொட்டகையே அதிர்ந்தது. டில்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். கோபமா என்று கேட்டீர்கள். கோபம் இல்லை, கவலை. அடுத்த வாரமே ஒவ்வொருவராக மலிவு பாலிசிக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். கேட்டால், "கெத்தினே போடலை, அவனுக்கு என்ன ஆச்சு?" என்றார்கள். கேள்வி நியாயமானதுதான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகாதவரை நான் சொல்வது யார் காதிலும் ஏறப்போவதில்லை. நெரிஸின் வேன் பழங்கதையாகிவிட்டது.

கோபத்தில் செய்கிறவன் நாள் பார்க்க மாட்டான், அம்மா. நான் பார்த்தேன். மாலி அவன் மகள், எட்டு வயசு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள். அவளுக்கென்று ஓட்டுநர் இருக்கைக்கு மேலே பலகை அடித்து, நட்சத்திரம் வரைந்து, சின்னதாய் ஒரு படுக்கை செய்திருந்தான். திங்கள் காலைப் பள்ளிக்கு அங்கிருந்தேதான் போவாள். சில வாரம் வியாழனும் வருவாள். ஆகவே புதன்கிழமை. குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே. எனக்கு மனசாட்சி இல்லை என்று பத்திரிகைக்காரன் எழுதுகிறானாம், அவனுக்கு இதைச் சொல்லுங்கள்.

புதன் மதியம் டில்வின் கார்மார்த்தென் சந்தைக்குப் போய்விடுவான். முற்றம் காலியாக இருக்கும். அக்கம்பக்கத்து வேன்களை முந்தின நாளே முற்றத்தின் மறு மூலைக்கு நகர்த்தச் சொன்னேன், தரை சேறாக இருக்கிறது என்று. காரணம் வேறு. அவர்களில் பலர் மலிவு பாலிசிக்குப் போய்விட்டிருந்தார்கள், எரிந்தால் ஒன்றும் கிடைக்காது. பாவம், எதற்கு வீண் நஷ்டம்?

எப்படி வைத்தேன் என்பதை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பச் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இப்போது அந்த பூட்ஸ். மேஜையில் படத்தை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆமாம், அவன் வேலை பூட்ஸ்தான். படிக்கட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான், தரைவிரிப்பில் சேறு படக் கூடாது என்று. நான்தான் எடுத்துக் கொண்டுபோய்க் கற்சுவர் ஓரம் வைத்தேன். மழை படாமல், கல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கீழே. நல்ல தோல். அக்கா கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான். அது ஏன் வீணாக வேண்டும்?

"பூட்ஸ் வெளியில இருந்தா ஆள் உள்ளதானே இருப்பான், மிஸ்டர் இட்வால் ப்ராசர்?" என்று கேட்டீர்கள். சாமர்த்தியமான கேள்வி. "ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கலாமே?" என்றும் கேட்டீர்கள். அம்மா, விடிய விடிய வேலை செய்துவிட்டு வந்து படுத்தவனைப் பகலில் தட்டி எழுப்புவது மரியாதையா? எங்கள் முற்றத்தில் யாரும் செய்ய மாட்டோம். அவன் திரை இழுத்துவிட்டால் நாங்கள் வானொலியைக்கூடச் சத்தமாக வைப்பதில்லை.

அப்படிப் பார்க்காதீர்கள். வக்கீலும் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டாம். நான் என்ன சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

அவன் அக்கா நேற்று ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்துக் கத்தினார். "அவன் உனக்கு என்னய்யா பண்ணினான்?" என்றார். எனக்கு ஒன்றும் பண்ணவில்லை. பாலிசிக்குப் பண்ணினான். அந்த வேனுக்கு ஒரு காசு வராது, வரவும் கூடாது. மாலி பெரியவளானதும் யாராவது அவளுக்கு இதை உட்கார்ந்து பொறுமையாக விளக்க வேண்டும். என்னை விட்டால் நானே விளக்குவேன். போன வாரத்திலிருந்து சங்கத்தில் எத்தனை பேர் கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறார்கள் என்று டில்வினைக் கேளுங்கள். நெரிஸ்கூடப் போட்டாராம், அவரிடம் இப்போது வேனே இல்லை. என்ன கேட்டார் என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் கேட்டாரே, அது போதும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன், இதைச் சுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. லேசான குறட்டை. திரை இழுத்திருந்தது. இதெல்லாம் நான் காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது. முப்பத்தொரு வருஷ வேலையில் கண்ணும் காதும் சொன்னதை வைத்து நான் ஒரு முடிவும் எடுத்தது கிடையாது. சாம்பலில் நின்று எத்தனை பேர் காலைப் பிடித்திருக்கிறார்கள், உள்ளே கட்டில் இருந்தது, அலமாரி இருந்தது, எங்கள் வாழ்க்கையே உள்ளே இருந்தது என்று. எழுத்தில் இல்லாதது இல்லை என்றுதான் அவர்களுக்கும் சொன்னேன். அந்தப் பையனுக்கு மட்டும் நான் எப்படி மாற்றிச் சொல்ல முடியும்? என் பேனாவால், தன் கையால், அவனே போட்ட குறி அது. நான் எரித்தது ஆளில்லாத வேன், அம்மா.