மரமஞ்சளிடம் மறுகேள்வி கேட்டவர்

முனைவர் சாரா ஜோசியா அவர்களின் பணி நிறைவு விழாவில் படித்தளிக்கும் மடல்

செடிகொடியின் சாற்றுக்குள் ஒளிந்திருக்கும் சேதிகளைச் சலிக்காமல் தேடிய சீர்மிகு அம்மையீர்! மஞ்சள் படிந்த விரல்களோடு மதிய உணவுக்கு வந்தமர்ந்து எங்களை மகிழ்வித்த மாண்பினரே! ஆய்வகத் தமிழன்பர்களின் அகம் நிறைந்த வணக்கம்!

முப்பதாண்டுக்கும் மேற்பட்ட பணியை முழுதும் சொல்ல இந்த மடலின் சட்டகத்துக்குள் இடமில்லை. ஆதலால், அவையோரே, அம்மையாரின் வாழ்வில் நடந்த ஒன்றை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம்.

மரமஞ்சள் தண்டிலிருந்து பிரித்தெடுக்கும் பெர்பெரின் என்னும் மஞ்சள் நிற வேதிப்பொருள் அழற்சியைத் தணிக்கிறதா, மூளையின் நரம்பணுக்களைக் காக்கிறதா என்பதே அவருடைய ஆய்வு. எங்கள் எலிகளில் பலன் பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் களித்திருக்க, அம்மையாரை மட்டும் ஒரு கேள்வி அரித்தது: வயிற்றுக்குள் போகும் மருந்தில் மூளையைச் சென்று சேர்வது துளியிலும் துளி, பிறகு மூளையைக் காப்பதுதான் எது?

அந்த வியப்பில் அவர் ஆழ்ந்திருந்த நாளில்தான், ரயில்வேயில் ஓய்வுபெற்ற அவர் கணவர் ஜோசியா ஐயாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர். ஐதராபாத் மல்காஜ்கிரி வீட்டில், மேசையில் சிந்திய தேநீரைத் துடைத்தபடியே ஐயா கேட்டாராம்:

"எலிக்கெல்லாம் குடுக்கிறே, எனக்கு மட்டும் ஏன் நக்கோ, வேணாங்கிறே?"

"உங்களுக்கு ஏற்கெனவே மாத்திரை ஓடுதுங்க. அதோட இது சேந்தா என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. தெரியாததை உங்க வாயில போட மாட்டேன்."

"அப்போ தெரிஞ்சுக்கோ, சாரா."

மறுத்துவிட்டாரே ஒழிய, மனம் ஆறவில்லை அவருக்கு. கைநீட்டினால் எட்டும் இடத்தில் மருந்து, காத்திருக்கும் கணவர்! அந்தத் தவிப்புக்கு நடுவே புதிய கேள்வி ஒன்று பிறந்தது. அதுவரை எலிகளுக்குப் பார்க்கின்சன் போன்ற நோயை உண்டாக்கும் முன்பே மருந்து கொடுத்து வந்தோம். நோய் வந்த பிறகு கொடுத்தால்?

சோதனையைத் தொடங்குமுன் எங்கள் இளம் ஆய்வாளர் பத்மப்ரியாவைத் தனியே அழைத்தார். "எந்தக் கூண்டுக்கு மருந்து, எதுக்கு வெறும் தண்ணின்னு என்கிட்ட சொல்லாதே, பத்மா. இது ஜெயிக்கணும்னு எனக்கு ஆசை வந்துடுச்சு. இனி என் கண்ணை நான் நம்ப முடியாது."

முடிவு வந்தது. மருந்து பெற்ற எலிகளில் அழற்சி சற்றே அடங்கியிருந்தது. நரம்பணுக்களைப் பொறுத்தவரையில், இரண்டு கூண்டுகளுக்கும் இம்மியும் வேறுபாடில்லை.

"மேடம், இன்னொரு தடவை பார்த்துடலாமா?" என்றார் பத்மப்ரியா.

மறுபடியும் பார்த்தார்கள். மாறவில்லை. முந்தைய வெற்றியின் புகழ் மங்குமே என்று தயங்காமல், கண்டதைக் கண்டபடி எழுதி வெளியிட்டார் அம்மையார். அதை வெளியிடுவது எளிதாகவே இருந்ததாம். வீட்டுக்குப் போய்ச் சொல்வதுதான் கடினம்.

"நோய் வந்த பிறகு கொடுத்தா உதவலீங்க. எங்க எலிகளுக்கு உதவல."

 "ஹவ், சரிதான்," என்றார் ஐயா. "முன்னாடியே குடுத்தா உதவுச்சுல்ல? மூளைக்கே போகாத மருந்து அதை எப்படிச் செஞ்சது? அதைப் பார்த்தியா?"

அழப்போன அம்மையார் சிரித்துவிட்டாராம்.

மறுநாள் காலை மூளையை விட்டுக் குடலைத் துருவத் தொடங்கினார். குடலில் வாழும் நுண்ணுயிர்களைக் களைந்த எலிகளில், முன்கூட்டியே மருந்து கொடுத்தும் மூளைக்குக் கிடைத்த காப்பு பாதியாகக் குறைந்தது! வயிற்றுக்குள் குடியிருக்கும் கண்காணா உயிர்களா தலைக்குக் காவல் நின்றன? எஞ்சிய பாதிக் காப்பு எங்கிருந்து வருகிறது? அது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதை இத்தனை ஆவலோடு உச்சரிக்கும் இன்னொருவரையும் நாங்கள் கண்டதில்லை!

அம்மையீர்! நாளை முதல் உங்களுக்கு வருகைப் பதிவில்லை. ஆயினும் வாயிற்காவலரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். உங்களைத் தடுக்க மாட்டார். நலம் குன்றா உடலும் நாளெல்லாம் புதிய ஐயங்களும் பெற்று நீடு வாழ்க! இதோ, முன்வரிசையில் அமர்ந்து, நடுங்கும் கைகளை மறைக்காமல், எங்கள் எல்லோரையும் விடப் பலமாக உங்களுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறாரே, அவரோடு சேர்ந்து நீடு வாழ்க!

இங்ஙனம்,
அந்த மீதிப் பாதியைத் தேடிக்கொண்டிருக்கும்
ஆய்வகத் தமிழ்ப் பணியாளர்கள்,
ஐதராபாத்