முட்டு இல்லாத கூடம்

குழாய் சொட்டுவதை நிறுத்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினால் போதும். அதற்குப்போய் ஆள் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

நான் வேலை பார்த்த நூல் மில்லை மூடிய பிறகு வீட்டில் நான் செய்த முதல் காரியம் அதுதான். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் அவள் வேலைக்குப் போவாள், மகள் பள்ளிக்குப் போவாள். நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து நிற்பேன். எந்த அறையில் உட்காருவது என்றே தெரியாது. மில்லில் ஓர் இயந்திரம் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் என்னைக் கூப்பிட ஒன்றும் இல்லை. அப்போதுதான் சமையலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது. சரிசெய்தேன். சாயங்காலம் அவள் வந்து குழாயை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"பரவாயில்லையே, வீட்டுலயே ஒரு ஆள் இருக்காரு" என்று சிரித்தாள்.

மில் மூடிய பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். மற்றதெல்லாம் அந்தச் சிரிப்புக்காகச் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வரக்கூடாது.

அலமாரி அடித்தேன், நன்றாக வந்தது. மகளின் அறைக்கு வெளிர்நீல வண்ணம் பூசினேன். அதுவும் நன்றாகத்தான் வந்தது, ஜன்னல் கண்ணாடிக்கும் கொஞ்சம் வந்தது. குளியலறையில் ஒரு டைல்ஸ் ஆடியது. அதைப் பெயர்த்தபோது, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக அடியிலிருந்த குழாயும் சேர்ந்து வந்துவிட்டது. அது சரியாகும்வரை எல்லோரும் மாடியில் அண்ணன் வீட்டில் போய்க் குளித்தோம். பிறகு பின்கட்டுக் கதவை மாற்றினேன். அது தானாகத் திறக்கும், தள்ளினாலும் மூடாது. மனைவி திட்டியிருந்தால் தேவலை. ஒன்றும் பேசாமல் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அப்பா கட்டிய வீடு. கீழ்த்தளம் எனக்கு, மாடி அண்ணனுக்கு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மெதுவாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. என் மகள் பாதி நாள் மாடியில்தான் இருப்பாள். அந்தக் கதவைப் பார்த்து வந்தவர் போனவரெல்லாம் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"டேய் இன்ஜினியர், மொத மொத பஸ்ஸ எடுத்தப்ப நான் டெப்போ கேட்டையே இடிச்சுத் தள்ளினவன்டா. விடு, கை பழகிடும்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நம்பிக்கை வைக்கிறவர்களைத்தான் ஏமாற்றக்கூடாது என்று தோன்றும். அது ஒரு பாரம்.

எங்கள் சமையலறை இருட்டு. அதற்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர். கூடத்து ஜன்னலில் வருகிற வெளிச்சம் அந்தச் சுவரோடு நின்றுவிடும். "பட்டப் பகல்ல லைட்டப் போட்டு வெங்காயம் நறுக்குற ஒரே வீடு நம்ம வீடுதான்" என்று அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். லீவுக்கு அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது சுவர் இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஓர் ஓரத்தில் தொடங்கினேன், கீழ் வரிசைகள் சுலபமாக வந்தன. மேல் வரிசைக்குப் போனபோது ஒரு செங்கல், நான் சம்மட்டியை ஓங்கும் முன்பே, டப்பென்று தானாக உடைந்தது. இயந்திரங்களோடு வாழ்ந்தவன் நான். சுமை தாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பொருள் எப்படி உடையும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுவர் வெறும் தடுப்பு இல்லை. மாடி அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. மேலே உத்திரம் எதுவும் இல்லை. ஏணியில் நின்றபடியே இவ்வளவும் எனக்குப் புரிந்தது. தலைக்கு மேலே அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உடைந்த சுவரை வைத்துக்கொண்டு அவளுக்கு என்ன பதில் சொல்வது? எதுவும் கேட்கமாட்டாள். எங்கிருந்தாவது இன்னொரு செங்கல்லைக் கொண்டுவருவாள். மீதியையும் எடுத்துவிட்டேன்.

அவள் ஊரிலிருந்து வந்தபோது அடுப்பு மேடைவரை வெயில் வந்திருந்தது. கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். மகள் கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓடி ஓடிப் பார்த்தாள். "இதுவா நம்ம வீடு" என்றாள் என் மனைவி. அன்று சமைத்து முடிக்கும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

விரிசல் பிறகுதான் வந்தது. முதலில் தலைமுடி போல. பட்டி வைத்துத் தேய்த்து வண்ணம் பூசினேன். மறுபடி வந்தது, இம்முறை நகம் நுழையும் அளவுக்கு. மறுபடி பூசினேன். பூசி மெழுகுவது என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள். அந்த வேலை மட்டும் எனக்கு அப்பழுக்கில்லாமல் வந்தது.

ஒரு நாள் மாடியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். படுக்கையறைக் கதவு திடீரென்று தரையில் உரசுகிறது, மூடவே வரவில்லை.

"மழைல மரம் ஊதிடுச்சு போல. ஆசாரியக் கூப்பிடவா?" என்று அண்ணி கேட்டார்.

"என் தம்பி இருக்கும்போது எனக்கு எதுக்கு ஆசாரி?" என்றார் அண்ணன்.

மரம் ஊதவில்லை. தரை இறங்கியிருந்தது. நான் இழைப்புளியை எடுத்துவந்து கதவின் அடிப்பக்கத்தை, இறங்கிய தரைக்கு ஏற்றபடி, அளவு பார்த்துச் சீவினேன். கதவு அழகாக மூடியது. நான் செய்த கதவு வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. அண்ணி காபி கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கிவந்தேன்.

என்னை முழு மூர்க்கன் என்று நினைக்கவேண்டாம். கட்டுமானச் சாமான் கடைக்குப் போய், தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் கம்பம் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். கடைக்காரர் என்ன ஏது என்று விசாரித்தார். "மாடில ஆளுங்க இருக்காங்களா சார்? அப்படின்னா மொதல்ல அவங்களக் கீழ எறக்குங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். தலையாட்டினேன். கம்பத்தைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் நிறுத்தித் திருகை இறுக்கினேன். விரிசல் நின்றது. எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆனால் அழகான கூடத்துக்கு நடுவே துருப்பிடித்த ஒரு கம்பம். பூச்சு காயும்வரை இருக்கட்டும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். எத்தனை நாள்தான் ஒரு பூச்சு காயும்? அவள் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்களை வீட்டைப் பார்க்க அழைத்திருந்தாள். மில் மூடிய பிறகு அவள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை, ஐயா. கேட்டால் இடம் சரியில்லை என்பாள். இப்போது அவளே கூப்பிட்டிருக்கிறாள்.

"ஏங்க, அந்தக் கம்பத்த மட்டும் எடுத்துடுங்களேன்" என்றாள். கெஞ்சலாகக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

எடுத்தேன். திருகைத் தளர்த்தியபோது தளம் மெல்ல முனகியது. வந்தவர்களை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தேன். ஒருத்தி அண்ணாந்து நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "எந்தக் காண்ட்ராக்டர் செஞ்சதுக்கா?" என்று கேட்டாள். என் மனைவி, "காண்ட்ராக்டராவது ஒண்ணாவது. எங்க வீட்டுக்காரரேதான்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பை நான் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பத்தை எப்படித் திரும்ப நிறுத்துவது? கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்றுமுதல் நாங்கள் பின்னறையில் படுத்தோம். கூடத்தில் இன்னும் வண்ண நெடி போகவில்லை, மகளுக்கு ஆகாது என்று சொன்னேன். அவள் படிக்கிற மேஜையையும் அங்கேயே நகர்த்தினேன். கூடத்தின் நடுவில் யாரையும் அதிக நேரம் நிற்க விடமாட்டேன். குடும்பத்தின்மேல் அக்கறை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.

மாடியில் எதுவும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். படியில் பாதிவரை ஏறிக்கூட இருக்கிறேன். அண்ணனின் குரல் கேட்டதும் இறங்கிவிடுவேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அவரே வந்தார். என் மனைவி அவருக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"டேய், அண்ணியோட அக்கா வீட்டுலேர்ந்து அந்தப் பழைய இரும்பு பீரோ வருதுடா. சும்மா யானை கனம். படுக்கையறைலதான் வைக்கணும்கறா. தரை தாங்குமா?"

என் மனைவி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. வீட்டுக்காரர் பதில் சொல்லட்டும் என்ற பெருமைதான் இருந்தது.

"தாங்கும்ண்ணா" என்றேன்.

"அவ்ளோதான், நீ சொன்னா சரி" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஓரமாக வையுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்.

பீரோ வரும் ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குச் செருப்பு வாங்கப் போகலாம் என்று இருவரையும் கிளப்பினேன்.

"இன்னைக்கேவா? உங்கண்ணனுக்கு ஒரு கை புடிச்சுட்டுப் போலாமே" என்றாள் மனைவி. ஆட்கள் வருகிறார்கள், நான் எதற்கு என்றேன்.

"நான் பெரியப்பாகூட இருக்கேன்ப்பா. பீரோ ஏத்துறதப் பாக்கணும்" என்றாள் மகள். அவளுக்குச் செருப்பில் ஆசையே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன். அவளை நான் அப்படி இழுத்ததே இல்லை. மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அண்ணன், "போய்ட்டு வாடா செல்லம். பீரோல முதல்ல உன் பொம்மையைத்தான் வைக்கப்போறேன்" என்று கத்தினார்.

கடையில் மகளின் காலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவியின் போன் அடித்தது. அவள் அதை எடுக்கும் முன்பே நான் எழுந்து நின்றுவிட்டேன். அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

பீரோவைத் தூக்கிவந்த ஆட்கள் இறங்கிப்போன பிறகுதான் தளம் விழுந்திருக்கிறது. அண்ணன் பீரோவைச் சுவரோடு ஒட்டி நகர்த்தியிருக்கிறார். அவரைக் கூடத்தின் நடுவிலிருந்து எடுத்தார்கள். அண்ணி பிழைத்துக்கொண்டார், இனி நடப்பது கஷ்டம் என்கிறார்கள். என் மனைவி வேலை பார்க்கும் வார்டிலேயே படுத்திருக்கிறார். கண் விழித்ததும் அவர் கேட்டது, "தம்பி சாப்பிட்டானா? அவன் மனசு ஒடஞ்சுபோயிருப்பான், பாத்துக்க" என்பதுதானாம்.

எல்லோரும் பழைய வீடு என்கிறார்கள். நானும் அதை மறுக்காமல் இருந்திருப்பேன். இப்போது ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடிவந்தது நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

நேற்று என் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் பாவம்மா, விவரம் தெரியாம சுவத்துல கைய வச்சுட்டாரு. தெரிஞ்சா செஞ்சிருப்பாரா?" என்று சொன்னீர்களாம். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பீர்கள். அவளும் அதை என்னிடம் ஆறுதலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கைக்கு உதவாத ஒருவனோடு இத்தனை காலம் இருந்துவிட்டோமே என்று அவள் நினைத்ததை, அவள் சொல்லாமலே நான் கேட்டேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐயா, விவரம் தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை. சுவரை எடுத்தபோது தெரியும். கம்பத்தை எடுத்தபோது தெரியும். பீரோ ஏறினால் அன்றைக்கே விழும் என்று கணக்குப் போட்டுத்தான் மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். அன்றைக்கேதான் விழுந்தது. என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

அண்ணனைக் கொன்றவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.