மாப்பிள்ளை கேட்காத வீடு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் வயதான ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவரின் மடியில் ஒரு படப் புத்தகம். அதில் எல்லாம் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்திப் பூட்டுகிற பெனல் வீடுகள்.

“ஆரும் சீதனமாக் கேக்காத வீடுதான் எனக்கு வேணும்” என்றார் மனைவி. அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

“வயலுக்க கச்சான் காத்து அடிச்சா இது நிக்குமா புள்ள?” என்றார் கணவர்.

“நாலு மூலையிலயும் கொங்கிறீட் போட்டு, இரும்புச் சட்டத்தோட இறுக்குவாங்களாம். கேட்டுட்டன்.”

“வெயிலுக்கு உள்ளுக்க அவிஞ்சு போவம்.”

“சுவருக்குள்ள பஞ்சு வெச்சிரிக்கி. கூரைக்கு மேல நம்மளும் தென்னங்கிடுகு போடுவம்.”

“வெள்ளம் வந்தா?”

“மூணடி உயர்த்தித் தரச் சொல்லிரிக்கன்.”

அவர் புத்தகத்தை மூடினார். “பேசாமக் கல்வீடே கட்டினா என்ன?”

“மூணு கல்வீடு கட்டினம். மூணு மகளுக்கும் குடுத்திட்டு மூணு தரம் சட்டி பானையத் தூக்கினம். இப்ப மூத்தவள்ட மகளும் குமராகிட்டாள். இன்னொண்டு கட்டினா அதையும் கேப்பாங்க. கழட்டிப் பூட்டுற வீட்ட எந்த மாப்பிள்ளையும் கேக்க மாட்டான்.”

பஸ் காரைதீவைத் தாண்டும்போது அவர் புத்தகத்தைத் திரும்பவும் திறந்தார்.

“சரி. ரெண்டு அறை உள்ளத எடுப்பம். புள்ளைகள் வந்தா?”

“ஒரு அறை போதும். வந்தா சோறு திண்டுட்டுப் போகட்டும். அஞ்சு மணிக்கு பஸ் இரிக்கி.”