சினைமான்களை விற்கச் சொன்ன கணக்கு

வெரிபீ நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் ரயில் புறப்பட்டதும் எதிர் இருக்கைப் பெண் தன் பக்கத்தில் இருந்த இளைஞரிடம் கேட்டாள்: "டிசம்பரோட உலகம் அழியுதெண்டோ உம்மட கம்ப்யூட்டர் நினைச்சது?"

எனக்கு ஒட்டுக்கேட்கிற பழக்கம் இல்லை. ஆனால் இப்படி ஒரு கேள்வி காதில் விழுந்தால் யாருக்குத்தான் நித்திரை வரும்?

பேச்சிலிருந்து விளங்கியது இதுதான்: அவளுக்கு நகரத்தில் வேலை, கணவர் பார்ப்பது மான் பண்ணை. எவ்வளவு புல், எவ்வளவு தண்ணீர், எந்த மானை விற்பது என்றெல்லாம் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கொடுப்பவர் அந்த இளைஞர்; தமிழ்நாட்டுப் பிள்ளை.

"இந்த வருஷ லாபத்தை மட்டும்தான் பாக்கச் சொன்னேன் அக்கா."

"அதுக்காகச் சினைமான் எல்லாத்தையும் இறைச்சிக்கு அனுப்பச் சொல்லுமோ?"

அவர் மடிக்கணினியிலிருந்து தலை நிமிரவில்லை. "டிசம்பருக்கு அப்புறம் மிச்சமிருக்கிற மானுக்கு நான் மதிப்பே போடல. நின்னா புல்லு செலவு, வித்தா வரவுன்னு அது எடுத்துக்கிச்சு. என் தப்புதான்."

"என்ர மனுசன் விடியவே மானுகளை லொறியில ஏத்தத் தொடங்கிட்டார்!"

அவள் மூன்றாம் தரம் அடித்தபோதுதான் கணவர் போனை எடுத்தார்.

"இஞ்சேருங்கோ, ஏத்தாதேங்கோ! என்ன? ஐயோ. அப்ப நிக்கிற லொறியில இருந்து இறக்குங்கோ. உடன இறக்குங்கோ!"

போனை மடியில் வைத்தாள். "ஒரு லொறி போயிட்டுது. மற்றதை மறிச்சாச்சு."

இளைஞர் மெதுவாகக் கேட்டார்: "இருக்கிற மானை வெச்சு மறுபடி போடறேன் அக்கா. எத்தனை வருஷத்துக்குப் போடட்டும்?"

"முடிவே இல்லாத மாதிரிப் போடும், தம்பி."