ரக்னில்டின் அஞ்சல் பெட்டி

எனக்குக் கணினி பழுது பார்க்கத் தெரியும் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கூலியாக ஒரு காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் போதும். கணவர் இறந்த பிறகு ரக்னில்டுக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுத்ததும் நான்தான். கடவுச்சொல் எழுதிய சீட்டை அவள் என்னிடமே நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கப்பா எஸ்பென். நான் தொலைச்சுடுவேன். உன்னைவிட நல்ல இரும்புப்பெட்டி எங்க கெடைக்கும்?"

எங்கள் ரீபே ஊர்க் கடற்கரையில் பறவை பார்ப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. இருபது வருடமாக அதன் நிர்வாகி நான். அரிய பறவையை முதலில் அறிவித்தவர் பெயர் பட்டியலில் ஏறும். படம் இல்லையென்றால் குழு விவாதிக்கும். மே மாதம், அலகு மேல்நோக்கி வளைந்த உள்ளான் ஒன்றைச் சேற்றுவெளியில் பார்த்ததாக ரக்னில்ட் எழுதினாள். படம் இல்லை. நான் சந்தேகம் கிளப்பினேன். அன்று காலை அதே பறவையை நானும் பார்த்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு எழுதலாமென்று இருந்தது என் தப்பு.

அவள் பெட்டியைத் திறந்தேன். தங்கைக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தாள்: "கண்ணு ரெண்டும் போயிட்டே இருக்குடி. குரலை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். வெளிய சொல்லிடாத." அதை வேறொரு பெயரில் குழுவில் போட்டேன்.

மூன்று நாள் சண்டை நடந்தது. "கண்ணே தெரியலையாம், பறவைய மட்டும் பாத்தாளாம்," என்று குழுவின் வாயாடி தோர்கில் எழுதினான். திருட்டுக் கடிதத்தைச் சான்றாக எடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தேன். கூடாது, அடுத்தவர் கடிதத்தை நாம் தொடக்கூடாது என்று முதல் ஆளாக எழுதியதும் நான்தான். பதினான்கு பேர் பாராட்டினார்கள்; கூடாது என்றே முடிவானது. கடிதத்தை நீக்கினேன். அதற்குள் எல்லாரும் படித்திருந்தார்கள். அந்தப் பாராட்டுகளை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது.

வியாழன் காலை கடல் வற்றியிருந்த நேரத்தில், படம் எடுத்து வந்து காட்டுவதற்காக அவள் தனியே சேற்றுவெளியில் இறங்கினாள். நீர் திரும்பி ஏறியது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் போலீஸ்காரர்கள் நீங்கள்தான் அவள் உடலைக் கரையில் கண்டெடுத்தீர்கள்.

அவள் போகப்போவது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். புதன் மாலை பழக்கதோஷத்தில் அவள் பெட்டியைத் திறந்தேன். எனக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் ஒன்று இருந்தது. "எஸ்பென், நாளைக்குக் காலைல கூட வர்றியா? எனக்குக் கண்ணா இருந்தாப் போதும். வேற யாரையும் கேக்க வெக்கமா இருக்கு."

வெட்கப்படுகிறேன். ஆனால் அது அனுப்பாத கடிதம். அடுத்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு அதை வைத்து எதுவும் செய்யக்கூடாது என்று வாக்கெடுப்பில் முடிவாகியிருந்தது. நான் விதியை மீறவில்லை.