அதுன்னியின் எலிகள்

— நைரோபி மாநாட்டுக்கு தலையில எதைக் கட்டிக்கிட்டுப் போகப்போற அதுன்னி? அந்த நீலச் சரிகைத் துணியா? அவ்வளவு பெருசா கட்டினா விமானத்துல பின்னாடி உக்காந்தவனுக்கு ஒண்ணுமே தெரியாது.

— ரொலாக்கே அக்கா, கிண்டல் பண்ணாதீங்க. பேராசிரியர் போகச் சொன்னார், சரின்னேன். நானா கேட்டேன்?

— நீ எதுக்குக் கேக்கணும் மகாராணி? உனக்குத்தான் எல்லாம் கேக்காமலே வருதே. ஆறு வருஷமா இந்த எலி நாத்தத்துல கிடக்கிறேன். ஊசி போட்டு எலிக்குச் சர்க்கரை வியாதி வரவைக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?

— நீங்கதான்.

— அதோட மூத்திரத்தைப் பிடிச்சு, எவ்வளவு புரதம் ஒழுகுதுன்னு பாக்கிறதுக்கு?

— அதுவும் நீங்கதான். பேராசிரியர்கிட்டயும் சொன்னேன், சத்தியமா.

— சொல்லியிருப்ப. "பாவம், நல்லா சொல்லிக்கொடுப்பாங்க"ன்னு. என் எலியெல்லாம் மூணாவது வாரமே செத்து விழுந்துச்சு. உன் எலி மட்டும் ஆத்தோர இலைச் சாறைக் குடிச்சுட்டு, கிட்னி புதுசா முளைச்ச மாதிரி துள்ளுது!

— துள்ளலக்கா. ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற கழிவு இறங்கியிருக்கு, அவ்வளவுதான். சாறு குடிக்காத எலிக்குக் கிட்னி வீங்கி வெளுத்துப்போச்சு. குடிச்சதுக்கு நல்லா இருக்கு. நானே எதிர்பாக்கல.

— எதிர்பாக்கலையாம்! போன வாரம் எல்லார் முன்னாடியும் உன்னை "என் மக"ன்னாரே பேராசிரியர். என்னை ஆறு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கார். அதுவும் ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தச் சொல்லி.

— அக்கா... உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன்.

— பாத்தியா! எனக்குத் தெரியும். கணக்கைத் திருத்திட்டியா?

— ஐயோ, இல்ல! இது உங்கம்மாவைப் பத்தி.

— எங்கம்மாவா? போதிஜா சந்தையில மிளகா விக்கிறவங்களுக்கும் உன் எலிக்கும் என்ன?

— போன மாசம் மிளகா வாங்கப் போனேன். சர்க்கரை நானூறைத் தாண்டிடுச்சு, மாத்திரையும் கேக்கலன்னு அழுதாங்க. "ரொலாக்கே ஏற்கெனவே நொந்து கிடக்கா, அவகிட்ட சொல்லாதே"ன்னாங்க. எலிக்கு இவ்வளவு நல்லது பண்ணின இலைதானேன்னு, தினமும் ஒரு குவளை சாறு கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

— எந்தச் சாறு?

— அதே இலைதான். இருபது நாளாச்சு. முகம் சுளிக்காம குடிக்கிறாங்க. என்னைப் பாத்தா "என் ரெண்டாவது மக வந்துட்டா"ன்னு சொல்றாங்க.

— ரெண்டாவது மகளா? அவங்களையும் எடுத்துக்கிட்டியா நீ?

— அப்படியெல்லாம் இல்லக்கா. உங்களுக்குத் தெரியாம கொடுக்கிறது மனசை உறுத்துச்சு, அதான் சொல்றேன். நாலு நாளா காலும் முகமும் கொஞ்சம் வீங்கியிருக்கு. நாள் பூரா உக்காந்தே இருக்கிறதால இருக்கும்னாங்க... அக்கா? ஏன் சட்டுனு எந்திரிச்சுட்டீங்க? அவ்வளவு கோவமா?

— இன்னிக்குக் கொடுத்துட்டியா?

— இல்ல, இப்பத்தான் போகணும். இதோ புட்டி.

— கொட்டு, அதுன்னி. கொட்டிட்டு வா, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடணும். கிட்னி கெட்டுப்போன எலிங்கதான் நிஜமா சாறு குடிச்சதுங்க. நைரோபியில உன் மூக்கு உடையட்டும்னு, ரத்தம் எடுக்கிற அன்னிக்கு நீ வர்றதுக்கு முன்னாடியே சாறு குடிச்சது, குடிக்காததுன்னு ரெண்டு கூண்டுலயும் தொங்கின பேர் அட்டையை மாத்தி மாட்டினது நான்தான்.